முதல் எடைக்கு முன்

பாஜிலாவுக்கு என்ன வேலை என்று கம்பத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர் என்பார் ஒருவர். டீச்சர் மாதிரிதான், ஆனால் பாடம் என்று எதுவும் கிடையாது என்பார் இன்னொருவர். அவளுடைய அத்தா, ஏலக்காய் வியாபாரி அபுபக்கர், எல்லாரையும்விடத் தெளிவாக இருந்தார். "நின்னுக்கிட்டே பேசச் சொல்லிக்குடுக்கிற வேலை. பெங்களூர்ல அதுக்கு அம்புட்டு மரியாதை," என்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நின்றுகொண்டே பேசுவதற்குக் கம்பம் கடைவீதியில் ஒருவருக்கும் பயிற்சி தேவைப்பட்டதில்லை.

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஒரே ஒரு சங்கடம், 2009 ஜனவரியிலேயே அந்த வேலை போய்விட்டது. அதை அத்தாவிடம் சொல்லத்தான் பாஜிலாவுக்கு வாய் வரவில்லை.

வாய் ஏன் வரவில்லை என்பதற்கு 1996க்குப் போக வேண்டும். கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு, தேனிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் அவளுக்குப் பயிற்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை மில்லுக்குப் போவதா என்று கேட்டார்கள். "மில்லு வேலைக்குப் போகல, மில்லுக்கே வேலை சொல்லிக்குடுக்கப் போறா," என்றார் அபுபக்கர். மகளுடைய வேலையைப் பற்றி அவர் பேசிய முதல் பெருமை அது. அப்போது அவள் இன்னும் மில்லின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் கூடவே பஸ்ஸில் வந்தார். மில் வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தவர், சாயங்காலம் சங்கு ஊதும்வரை எழுந்திருக்கவில்லை. என்ன வேலைக்கு மனு போட்டிருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் வந்து விசாரித்துவிட்டுப் போனார். மகள் வெளியே வந்ததும் அபுபக்கர் கேட்டது ஒரே கேள்வி: "நீ சொன்னதை அங்கன கேட்டாகளா?" கேட்டார்கள் என்றாள். அவருக்கு அது போதும். ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்தச் செய்தி விளக்கமாகப் போய்ச் சேர்ந்தது.

உண்மையில் அன்றைக்கு யாரும் எதையும் கேட்கவில்லை. ஸ்பின்னிங் மெஷின் போடும் சத்தத்தில் கேட்கவும் முடியாது. கடமலைக்குண்டுப் பக்கமிருந்து வந்த பெண் பிள்ளைகளுக்கு, அறுந்த இழையை ஒட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாஜிலா கையைக் காட்டினாள், அவர்கள் கையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான் பயிற்சி. பிறகொரு நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து, தொழிற்சாலையை ஒழுங்காக வைப்பதற்கு ஐந்து ஜப்பானிய வார்த்தைகள் சொன்னார். பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். நிர்வாகம் பாஜிலாவை மொழிபெயர்க்கச் சொன்னது. "எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க. வைக்க இடமில்லாத சாமான் நமக்கு வேண்டாத சாமான்," என்றாள். ஐந்து வார்த்தையும் அதற்குள் அடங்கிவிட்டது. நிபுணருக்கு வருத்தம்தான். ஆனாலும் போகும்போது, இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் அவள் மற்றவர்களின் வேலையைப் பற்றிப் பேசுவதையே தன் வேலையாகக் கொண்ட ஆள் ஆனாள்.

ரியாசுதீனைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போன பிறகு, ஒரு மென்பொருள் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தாள். சில வருடங்களில் அங்கே 'அஜைல்' வந்தது. வருடக்கணக்கில் திட்டம் போட்டு ஒரு சாமானைச் செய்து, கடைசியில் அது யாருக்கும் வேண்டாததாகப் போவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டிக்கொண்டே போவது என்பதுதான் விஷயம். அதற்குத் தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன இடைஞ்சல் என்று ஆளுக்கு மூன்று பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் நிற்பது. ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சாப்பாடு சுமார், சான்றிதழ் நன்றாக இருந்தது. பாஜிலா 'அஜைல் கோச்' ஆனாள்.

அதில் அவள் கெட்டி என்று பெயர். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது, பதிலுக்குப் பதில் கூடாது, இடைஞ்சல் என்று சொன்னால் உடனே பலகையில் ஏற வேண்டும் என்பதில் கறாராக இருந்தாள். மனிதர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், இடைஞ்சலைச் சொல்வதில்தான் கோழைகள் என்பது அவளுடைய கொள்கை. அதை வகுப்பு வகுப்பாகச் சொன்னாள். உலகமெங்கும் வியாபாரம் படுத்த வருடம் அவளுடைய பிரிவையே கம்பெனி எடுத்துவிட்டது. அதையும் காலையில் நிற்கவைத்துத்தான் சொன்னார்கள். வளவளவென்று பேசக் கூடாது என்று மேனேஜருக்குப் பழக்கிவைத்தவளே அவள்தான். அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

ரியாசுதீன் அப்போது சார்ஜாவில் இருந்தான். "ஊருக்குப் போ. போன உடனே அத்தாகிட்டச் சொல்லிரு," என்றான் போனில். மகள் சமீனாவைக் கூட்டிக்கொண்டு அவள் கம்பத்துக்கு வந்து இறங்கினாள். அபுபக்கர் பஸ் ஸ்டாண்டில் நான்கு பேரோடு நின்றிருந்தார். "எம்மக. லீவுல வந்திருக்கா. கம்பெனில விடவே மாட்டேன்னுட்டாகளாம்," என்று நான்கு பேருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். பாஜிலா சலாம் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். போய்விட்டது.

அம்மா சுபைதா எதையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பரணிலிருந்து பெரிய சோற்றுப் பானையை இறக்கிக் கழுவி வைத்தார்.

லீவு நீண்டது. மார்ச்சில் நீண்டது, ஏப்ரலில் நீண்டது. சாயங்காலமானால் பாஜிலா லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, ஆபீஸ் மெயில் பார்ப்பதாகச் சொல்வாள். ஜூன் மாதம் சமீனாவைக் கம்பத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். "சும்மா இருக்கிற நேரத்துல படிக்கட்டுமேன்னுதான் அத்தா," என்றாள். "அதுவும் சரிதாம்மா," என்றார் அபுபக்கர். இவ்வளவு பெரிய லீவு கொடுக்கிற கம்பெனி உலகத்தில் எங்கேயும் இல்லை என்பது கடைவீதியில் சைக்கிளுக்குக் காற்றடிப்பவருக்குக்கூடத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது, மகளுடைய கம்பெனியைப் பற்றி அபுபக்கர் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதைப் பாஜிலாவிடமும் ஒருமுறை ஒப்பிப்பார். மில்லுக்கு அனுப்பாதே என்று வீடு தேடி வந்த சொந்தக்காரர்களும் அந்த முற்றத்தில்தான் நிற்பார்கள். வேலை போய்விட்டது என்றால் அவர்கள் அன்றைக்கே ஜெயித்துவிடுவார்கள். தோற்பவர் அத்தாவாக இருப்பார். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

சும்மா இருக்க அவளுக்குக் கை வராது. அத்தாவின் ஏலக்காய் ஸ்டோருக்குப் போக ஆரம்பித்தாள். மலையிலிருந்து ஜீப்பில் வரும் காயை எடைபோட்டு, சலித்து, வெடித்த காய், கருத்த காய், பொடிக் காய் என்று பெண்கள் பொறுக்கிப் பிரிப்பார்கள். பிரித்த சரக்கை மூட்டை கட்டி வடக்கே அனுப்புவார்கள். எடைக்குச் சுருளியாண்டி. பொறுக்குகிற பெண்களுக்கு மூத்தவர் முத்துலட்சுமி. சரக்கு கலந்து போகிறது என்று வடக்கேயிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. பாஜிலா கடையைத் திறந்ததும் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்தாள். அபுபக்கரும் வட்டத்தில் வந்து நின்றார். மகளுக்கு இருக்கும் மரியாதையைப் பெங்களூர்க்காரர்கள் மட்டும் பார்த்தால் போதுமா?

நேற்று என்ன செய்தேன் என்பதைச் சொன்னார்கள். இன்று என்ன செய்யப்போகிறேன் என்பதையும் சொன்னார்கள், இரண்டும் ஒன்றுதான். இடைஞ்சல் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "எல்லாம் நல்லாருக்கு பாப்பா," என்பார் முத்துலட்சுமி. சணல் இருக்கா என்று கேட்டால், "வரும்," என்பார் சுருளியாண்டி. அவள் சுவரில் மாட்டிய கரும்பலகையில் இடைஞ்சல் என்ற கட்டம் மாதக்கணக்கில் காலியாகவே இருந்தது. இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று பாஜிலா மனதுக்குள் பாராட்டிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் மூட்டை அடுக்கியிருந்த மூலையில் கூரைத் தகரம் ஒழுகியது. பச்சைக் காய் நனைந்து வெளுத்து, ஒரு சுமை சரக்கு வீணாகப் போனது.

"ஓட்டை எம்புட்டு நாளா இருக்கு?" என்றாள்.

"போன மழைக்கே இருந்துச்சு பாப்பா," என்றார் சுருளியாண்டி.

"பிறகு ஏன் காலைல சொல்லல? தினம் கேக்குறேன்ல?"

சுருளியாண்டி அவளைப் பாவமாகப் பார்த்தார். "முதல் எடைக்கு முந்தி எப்படிப் பாப்பா சொல்றது?"

அவளுக்குச் சுருக்கென்றது. இதே கடையில் விளையாடி வளர்ந்தவள் அவள். முதல் எடை விழும்வரை இல்லை, போச்சு, தீர்ந்தது, ஒழுகுது என்று எதையும் கடைக்குள் ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள். முதல் மூட்டையை ஒன்று என்றுகூட எண்ண மாட்டார்கள். அபுபக்கர் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்ல, சுருளியாண்டி மூட்டையைத் தராசில் ஏற்றி, "லாபம்!" என்பார். அடுத்ததுதான் இரண்டு. இது தெரிந்தும், கடை திறந்த கையோடு எல்லாரையும் நிற்கவைத்து, என்ன கெட்டது சொல்லுங்கள் என்று தினமும் கேட்டிருக்கிறாள். வெளியூர்க்காரி கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். முதலாளி மகள் கேட்டதால் பயந்து போயிருந்தார்கள்.

"அத்தா, சகுனமெல்லாம் நம்ம மார்க்கத்துல கிடையாதுன்னு நீங்கதானே சொல்லுவீக?"

"கிடையவே கிடையாது. ஹராம்," என்றார் அபுபக்கர். "ஆனா முதல் எடைக்கு முந்தி 'இல்லை'ன்னு காதுல விழுந்தா எனக்குப் பிடிக்காது." நனைந்த மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அந்த ஓட்டை எனக்கும் தெரியும்மா," என்றார்.

மறுநாளிலிருந்து கூட்டத்தை முதல் எடை முடிந்து, டீ குடித்த பிறகு என்று மாற்றினாள். அப்போதும் யாரும் பேசவில்லை. முதலாளி எதிரே நிற்கும்போது முதலாளி கடையில் குறை சொல்வது எப்படி? அத்தாவை மட்டும் வெளியே நிற்கச் சொல்லிப் பார்த்தாள். "என் கடைல எனக்கு நிக்க இடமில்லையா?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான். பாஜிலா தான் படித்த வித்தையெல்லாம் காட்டினாள். பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போடச் சொன்னாள். சீட்டு எழுதத் தெரிந்தவர் அங்கே சுருளியாண்டி ஒருவர்தான். அதனால் பெயர் போடாததில் ஒரு லாபமும் இல்லை.

வழியைத் திறந்தது முத்துலட்சுமி, அதுவும் தெரிந்து திறக்கவில்லை, எரிச்சலில். ஒருநாள் அவருடைய முறை வந்தபோது முதலாளியைப் பார்க்காமல் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாக்கப்பட்டுப் போன வீட்டில் அவர் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. எதைச் சொல்வதானாலும் தண்ணீர்க் குடத்திடம்தான் சொல்வார், காது உள்ளவர் கேட்டுக்கொள்ள வேண்டியது. அந்தப் பழக்கம் இப்போது கைகொடுத்தது.

"ஏ தராசு, ஒனக்குத் தெரியுமா? எங்க மேசைக்கு மேல இருக்கிற ட்யூப்லைட் ஆடி மாசத்துல இருந்து கண்ணடிக்குது. கருத்த காய் எது, பச்சைக் காய் எதுன்னு கண்ணு மயங்குது. காய் கலந்து போகாம என்ன செய்யும்? இதை யார்கிட்டப் போயிச் சொல்ல? ஒன்கிட்டச் சொல்றேன், கேட்டுக்க."

அபுபக்கர் கூரையைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் தராசைப் பார்த்து, "தராசு, சாயங்காலத்துக்குள்ள லைட்டை மாத்திரலாம்னு சொல்லிரு," என்றார்.

அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து ஆளாளுக்குத் தராசிடம் பேசினார்கள். சல்லடையின் கம்பி விட்டுப்போனதும், உட்காரும் முக்காலி ஆடுவதும், முதலாளி கத்தும்போது காது வலிப்பதும் பலகையில் ஏறின. புகார் குறைந்தது. ட்யூப்லைட்டுக்கும் சல்லடைக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், பெயர் தராசுக்குத்தான் கிடைத்தது.

செய்தி பரவி வெளியிலிருந்து பாஜிலாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சின்னமனூரில் ஒரு பேக்கிங் கம்பெனி. பெரியகுளத்தில் மாம்பழக்கூழ் செய்கிற இடம். மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட், அந்த ரோட்டில் போய்வந்து இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிற்க முடியாமல் படுத்தே கிடந்தாள். போகிற இடத்திலெல்லாம் முதலில் அவள் தேடியது ஒரு தராசைத்தான். பேக்கிங் கம்பெனியில் ஒரு தூண் அந்த வேலையைச் செய்தது. எஸ்டேட்டில் ஒரு பழைய அடுப்பு. மனிதர்கள் கோழைகள் என்று இத்தனை வருடம் வகுப்பெடுத்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாரும் கோழை இல்லை. முகத்தைப் பார்க்காமல் சொல்ல ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கும்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவள் கோச். கோச் தராசிடம் பேசுவதில்லை. வட்டத்தில் தன் முறை வரும்போது, "இடைஞ்சல் ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பாள். வெளியூர் வேலைக்குப் போவதைக்கூட, "கம்பெனிலேயே அனுமதி குடுத்திருக்காக அத்தா," என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். பொய்க்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஒன்றரை வருடத்தில் நன்றாகவே வளர்ந்திருந்தது.

2010 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. முதல் நாள் ஜும்மா முடிந்து வரும் வழியில் அபுபக்கரின் கூட்டாளி அய்யாத்துரை அவரைப் பிடித்துக்கொண்டார். திராட்சைத் தோட்டக்காரர், நல்ல மனிதர், மகன் இன்ஜினியரிங் முடித்திருந்தான். பாஜிலாவின் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட வேண்டும் என்றார். "அதுக்கென்ன, நாளைக்கு மத்தியானம் கடைக்குக் கூட்டிட்டு வாங்க," என்று அபுபக்கர் வாக்குக் கொடுத்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொன்னார். பாஜிலா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சுபைதா கணவரைப் பார்த்த பார்வையில் சோறு ஆறிப்போயிருக்கும்.

காலையில் கடைக்கு வந்தபோது மலையிலிருந்து ஜீப் வரவில்லை. கம்பம்மெட்டு ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள். சரக்கு இல்லாமல் எடை இல்லை, எடை இல்லாமல் கூட்டம் இல்லை. எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அபுபக்கர் எழுந்து நின்றார்.

"நில்லுங்க எல்லாரும். கூட்டம்."

"இன்னும் முதல் எடை ஆகலையே மொதலாளி," என்றார் சுருளியாண்டி.

"பரவால்ல. நில்லு."

நின்றார்கள். வழக்கமாக அபுபக்கர் கடைசியில்தான் பேசுவார். அன்று முதலில் பேசினார். மகளைப் பார்க்கவில்லை. தராசுக்கு எதிரே போய் நின்றுகொண்டார்.

"தராசு, நேத்து என்ன செஞ்சேன்னா, எம்மக கம்பெனியைப் பத்தி அய்யாத்துரைகிட்டப் பெருமையாப் பேசினேன். இன்னிக்கு என்ன செய்யப்போறேன்னா, அவர் வந்ததும் வாக்கு மாறினவனா நிக்கப்போறேன். இடைஞ்சல் என்னன்னா, எம்மகளுக்கு வேலை போயி ஒன்றரை வருஷம் ஆச்சு. பஸ் ஸ்டாண்ட்ல இறங்கினப்பவே மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அது வாயால சொல்லட்டும்னு இருந்தேன். அது சொல்லல. ஏன் சொல்லலன்னா, நான் வாயை மூடல. ஊர்க்காரங்க அந்தப் பிள்ளையை ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதேன்னு முந்திக்கிட்டு முந்திக்கிட்டுப் பேசினேன். பேசப் பேச அதுக்கு வாயடைச்சுப்போச்சு. அதனால இடைஞ்சல்னு நான் என்னையத்தான் சொல்லணும். பலகைல எழுதச் சொல்லு."

பதிலுக்குப் பதில் பேசக் கூடாது என்பது பாஜிலா போட்ட சட்டம். முத்துலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாஜிலா சாக்பீசை எடுத்துப் பலகைக்குப் போனாள். இடைஞ்சல் என்ற கட்டத்துக்கு நேரே கையை வைத்தாள். எழுதவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்கவும் இல்லை. சாக்பீசைப் போட்டுவிட்டு வந்து அத்தாவுக்குப் பக்கத்தில், அவரைப் போலவே தராசைப் பார்த்து நின்றாள்.

"தராசு, எங்க அத்தாகிட்டச் சொல்லிரு," என்றாள். "எனக்கு வேலை இல்லை."

முதல் எடைக்கு முந்தி அந்தக் கடைக்குள் 'இல்லை' என்ற சொல் விழுந்தது அதுதான் முதல் தடவை. சுருளியாண்டிக்குப் பதறிப்போய்விட்டது. அங்கும் இங்கும் பார்த்தார், எடைபோடச் சரக்கு எதுவும் இல்லை. மூலையில் மடித்துவைத்திருந்த காலிச் சாக்குக் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தராசுத் தட்டில் போட்டார்.

"பிஸ்மி சொல்லுங்க மொதலாளி!" என்றார்.

அபுபக்கர் பிஸ்மி சொன்னார். சத்தம் போதாதென்று இன்னொரு முறை சொன்னார்.

"லாபம்!" என்று கத்தினார் சுருளியாண்டி.